காழ்ப்பை உணர்த்தும் நூல்கள்

நாமக்கல் மாவட்டத்தில் காவிரிக்கரையில் அமைந்த ஜேடர்பாளையம் கரும்பும் வெல்லமும் விளையும் ஊர். அப்பகுதி வெல்ல ஆலைகளில் வட மாநிலத் தொழிலாளர் பலர் பணிபுரிகின்றனர். 2023ஆம் ஆண்டில் ஆங்கு ஒரு பெண் கொலையுண்ட துயர நிகழ்ச்சிக்குப் பின்னர், வேற்று மாநிலத்தார்மேல் ஐயமும் சினமும் எழுந்தன. ஆலைக் கொட்டகைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. தொழிலாளர் சிலர் தீக்காயமுற்றனர். குற்றம் அதனைச் செய்தவனுக்கே உரியது. அதனை அவன் இனத்தார் எனக் கருதப்படுவோர் அனைவர்க்கும் ஏற்றியுரைப்பது காழ்ப்பு. இதன் இயல்பை அறியத் தமிழ் மாணவர் கற்கத்தக்க நூல்கள் சிலவற்றை ஈண்டு நோக்குவோம்.

முதற்கண் கற்கத்தக்கது காந்தியடிகளின் தன்வரலாறாகிய 'சத்திய சோதனை'. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டப்பட்டமையால், சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. 1893இல் ஆங்குச் சென்ற அடிகள், வெள்ளையர் இந்தியரைக் 'கூலி' என்றும் 'சாமி' என்றும் இழித்துரைத்தனர் எனக் குறிக்கின்றார். தமிழ்ப் பெயர்களின் ஈற்றில் வரும் 'சாமி' தலைவன் என்னும் பொருளது. உயர்வு குறித்த சொல் வசையாதலை மொழிநூலார் இழிபொருட்பேறு என்பர். ஆயின் இச்சொல் தானே தாழ்ந்ததன்று. அதனைப் பெயராகக் கொண்டோரைத் தாழ்த்திய நெஞ்சமே சொல்லையும் தாழ்த்தியது. முதலாளியால் அடியுண்டு, பல் உடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தி வந்து நின்ற பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளியின் வரலாறும் அந்நூலில் உண்டு.

அடுத்து, பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற பெண்டிர்க்காக இரங்கிப் பாரதியார் பாடிய பாடலைக் கொள்ளலாம். இலங்கைத் தோட்டங்களுக்கோ அன்றைய சேலம், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களிலிருந்தும் பெருந்தொகையினர் பெயர்ந்தனர். அத்தோட்ட வாழ்வைக் காட்டுவது புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. ஊரில் சாதியாலும் தோட்டத்தில் ஆதிக்கத்தாலும் நசுக்குண்ட பெண்ணொருத்தியின் கதை அது.

இம்மூன்றையும் மட்டும் கற்றோர், காழ்ப்பு என்பது பிறர் நமக்கு இழைத்த தீங்கே என எண்ணி அமைதல் கூடும். அவ்வெண்ணத்தைத் திருத்துவன வேறிரண்டு நூல்கள். மருத்துவர் டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த புதினத்தை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கியுள்ளார். வால்பாறைத் தோட்டங்களைக் களமாகக் கொண்ட அந்நூலில், ஏழைகளை ஆசைகாட்டி அழைத்துச் சென்ற மேஸ்திரியும் தமிழனே. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) கொங்கு நாட்டு வேளாண் குடும்பங்களிடம் ஆடு மேய்க்கும் பண்ணையாட்களாகிய அருந்ததியச் சிறுவரின் வாழ்வைக் கூறுவது. இங்குக் கடலுமில்லை, நிறவேறுபாடுமில்லை. ஒரே ஊர், ஒரே மொழி. எனினும் தாழ்த்தும் முறை அதுவே.

ஆகவே இவ்வைந்தையும் ஒருங்கு வைத்துக் கற்றலே முறை. முன்னவை இழிவுற்றோர் நெஞ்சையும், பின்னவை நம்மிடையே இழிவுசெய்வோர் நெஞ்சையும் காட்டுவன. நேட்டாலில் 'சாமி' வசையாயிற்று. இன்று தமிழ்நாட்டில், திசை குறித்த 'வடக்கன்' என்னும் பெயர் பலர் வாயில் வசையாக வழங்குகின்றது. சொல்லாராய்ச்சியாளர் இப்பொருள் திரிபைக் குறித்து வைத்தலோடு அமையலாகாது. திரித்த நெஞ்சையும் ஆராய்தல் கடனாகும்.