அயலார் கண்ணில் அமெரிக்கர்

ஒரு நாட்டைப் பற்றி அந்நாட்டு மக்கள் கொண்டுள்ள எண்ணம் ஒன்று. வந்து பார்த்துச் செல்லும் அயலார் கொள்ளும் எண்ணம் வேறொன்று. இவ்விரண்டும் முழுதும் ஒத்துப்போன நாடு உலகில் இல்லை. ஆயினும், இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவை எண்ணி அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் போல ஓயாது கவலை கொண்ட நாடு பிறிதொன்றைக் காண்டல் அரிது. 1776-இல் வெளியிட்ட விடுதலை அறிக்கையே, மனித குலத்தின் கருத்துக்கு மதிப்பளித்துத் தம் பிரிவுக்கான காரணங்களை எடுத்துரைப்பதாகத்தான் தொடங்குகிறது. பிறக்கும்போதே உலகை நோக்கிப் பேசிக்கொண்டு பிறந்த நாடு அது.

நாட்டுப்பற்று நல்லது, நாட்டுப்பெருமை இயல்பானது. ஆனால் அப்பெருமை, பிறர் குறை கூறக் கேட்டபோது என்ன செய்தது என்பதே வரலாறு பயில்வோர் ஆராயத்தக்க வினா. திருவள்ளுவர் இறைமாட்சி என்னும் அதிகாரத்தில், காதுக்குக் கசப்பாக இருக்கும் அறிவுரையையும் தாங்கிக்கொள்ளும் பண்புடைய அரசனது ஆட்சியில் உலகம் நிலைபெறும் என்கிறார். முடியாட்சிக்கு அவர் வகுத்த அளவுகோல் குடியாட்சிக்கும் பொருந்தும். குடியாட்சியில் மக்களே மன்னர்; ஆகவே கசப்பைத் தாங்க வேண்டிய செவியும் மக்களுடைய செவியே. அந்த அளவுகோலைக் கையில் கொண்டு அமெரிக்கர் வரலாற்றின் சில பக்கங்களை நாம் புரட்டிப் பார்ப்போம்.

வந்து பார்த்தவர்கள்

புதிய குடியரசை முதலில் எடைபோட்டவர்கள், அது எவரிடமிருந்து பிரிந்து வந்ததோ அந்த ஆங்கிலேயரே. 1820-இல் எடின்பரோ ரெவ்யூ இதழில் எழுதிய சிட்னி ஸ்மித் என்னும் பாதிரியார், உலகின் எந்த மூலையில் எவர் அமெரிக்க நூலைப் படிக்கிறார், அமெரிக்க நாடகத்தைப் பார்க்கிறார் என்று ஏளனமாக வினவினார். அவ்வினா அமெரிக்கர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்து நெடுங்காலம் நின்றது.

அடுத்து வந்தவர் பிரான்சிஸ் திரோலோப் என்னும் அம்மையார். பிற்காலத்தில் புகழ்பெற்ற புதின ஆசிரியரான ஆண்டனி திரோலோப்பின் தாய். 1828-இல் ஒஹையோ ஆற்றங்கரையில் உள்ள சின்சினாட்டி நகரில் குடியேறி, அங்கொரு விற்பனை மாளிகை எழுப்பி, வணிகத்தில் பெரும் பொருளை இழந்து நாடு திரும்பினார். 1832-இல் அவர் வெளியிட்ட ‘அமெரிக்கரின் இல்லற வழக்கங்கள்’ என்னும் நூல் அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் விற்றுத் தீர்ந்தது. புகையிலையை மென்று கண்ட இடத்தில் துப்புவது, வாய் பேசாமல் அவசர அவசரமாக உண்பது ஆகியவற்றை அவர் எள்ளி நகையாடினார். அவ்வளவோடு நின்றிருந்தால் அதனை ஒரு சீமாட்டியின் முகச்சுளிப்பு என்று தள்ளிவிடலாம். ஒரு கையால் விடுதலைத் தொப்பியை உயர்த்திக்கொண்டு மறு கையால் அடிமையைச் சவுக்கால் அடிக்கின்றனர் என்றும் அவர் எழுதினார். அமெரிக்கர் கொதித்தெழுந்தனர். நாடகக் கொட்டகையில் எவரேனும் ஒழுங்கின்றி அமர்ந்தால், அம்மையாரின் பெயரைக் கூவிக் கேலி செய்யும் வழக்கமும் எழுந்தது. கேலி செய்தனரே ஒழிய, சவுக்கைப் பற்றிய சொல்லுக்கு மறுமொழி கூறினாரில்லை. அரை நூற்றாண்டு கழிந்தபின், மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய தம் நூலுக்காக மார்க் ட்வைன் எழுதி, 1883-இல் அச்சேறாமல் விடப்பட்ட ஒரு பகுதியில், அம்மையார் கூறியது உண்மையே என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இவர்களினும் ஆழ்ந்து நோக்கியவர் பிரெஞ்சு அறிஞர் அலெக்சி தெ தொக்குவில். சிறைச்சாலைகளை ஆராயும் பொருட்டு 1831 மே மாதத்தில் அமெரிக்கா சென்ற அவர், ஒன்பது மாத காலம் ஊர் ஊராகச் சுற்றினார். ‘அமெரிக்காவில் குடியாட்சி’ என்னும் அவரது நூல் 1835-இலும் 1840-இலும் இரு பகுதிகளாக வெளிவந்தது. அதில் நாட்டுப்பற்றை அவர் இருவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். பிறந்த மண்ணின்மீது இயல்பாக எழும் பற்று ஒருவகை. ஆட்சியில் தனக்கும் பங்குண்டு என்னும் அறிவினால் வளரும் பற்று மற்றொரு வகை. அமெரிக்கரிடம் அவர் கண்டது இரண்டாவது வகை. நாட்டின் செயலைத் தன் செயலாகவே ஒவ்வொருவனும் கருதுவதால், நாட்டைக் குறை கூறினால் தன்னையே குறை கூறியதாக எண்ணிச் சினக்கிறான் என்பது அவர் கண்ட உண்மை. அந்நாட்டில் மிகுதியானவற்றைப் புகழ விரும்பும் அயலான், ஏதேனும் ஒன்றை மட்டும் பழித்துக்கொள்ள இசைவு கேட்கிறான். அந்த ஒன்றுக்குத்தான் இசைவு கிடைப்பதில்லை என்று அவர் வருந்துகிறார். குடியாட்சியின் சிறப்பும் அதன் எளிதிற் புண்படும் தன்மையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று கண்டு சொன்னது அவருடைய நுண்ணறிவு.

சார்லஸ் டிக்கன்சின் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1842 ஜனவரியில் பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கிய அவரை அமெரிக்கர் மன்னருக்குரிய சிறப்போடு வரவேற்றனர். அவரோ, ஆங்கில எழுத்தாளரின் நூல்களை உரிமைத்தொகை ஏதுமின்றி அந்நாட்டில் அச்சிட்டு விற்பதைக் கண்டித்தார். உடனே, பணத்துக்காக வந்தவர் என்று இதழ்கள் பழித்தன. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ‘அமெரிக்கக் குறிப்புகள்’ நூலில், பாஸ்டனின் அறநிலையங்களை அவர் மனமாரப் புகழ்ந்தார். எனினும் தப்பியோடிய அடிமைகளைத் தேடி உடைமையாளர் நாளிதழ்களில் வெளியிட்ட விளம்பரங்களை அடுக்கிக் காட்டினார். உடலில் உள்ள சூட்டுத் தழும்பையும் அறுக்கப்பட்ட காதையும் அடையாளம் கூறிய விளம்பரங்கள் அவை. அந்நூலும் அதன்பின் வந்த ‘மார்ட்டின் சசில்விட்’ புதினமும் அமெரிக்கரைப் பெரிதும் புண்படுத்தின.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அந்நாடு குருதி சிந்தி, அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்தது. 1867-இன் இறுதியில் டிக்கன்ஸ் மீண்டும் சென்றார். 1868 ஏப்ரல் 18-ஆம் நாள் நியூயார்க் இதழாளர் அளித்த விருந்தில், இந்நாட்டில் தாம் கண்ட பெரிய மாற்றங்களையும், தமக்குக் கிடைத்த பண்பான வரவேற்பையும் எடுத்துரைத்தார். தம் இரு நூல்களின் ஒவ்வொரு பதிப்பிலும் அச்சான்றை இணைக்கச் செய்வதாக உறுதியளித்து, அவ்வாறே செய்தார். பழித்தவரை மீண்டும் வரவேற்ற நாடும், திருந்தியதைக் கண்டு எழுத்தில் பதித்த எழுத்தாளரும் ஒருவரையொருவர் உயர்த்திக்கொண்டனர்.

உள்ளிருந்து எழுந்த குரல்

அயலார் சொல்லைவிடக் கசப்பானது சொந்த வீட்டாரின் சொல். அடிமையாகப் பிறந்து தப்பியோடி விடுதலை பெற்ற பிரெடரிக் டக்ளஸ், 1845 முதல் 1847 வரை அயர்லாந்திலும் பிரிட்டனிலும் ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினார். பிறநாட்டு மேடையில் நின்று தாய்நாட்டைப் பழிக்கலாமா என்று அமெரிக்கர் பலர் சினந்தனர். நாடு திரும்பியபின் 1852 ஜூலை 5-ஆம் நாள் ராச்செஸ்டர் நகரில், விடுதலைத் திருநாள் அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார். இன்று அவ்வுரை அமெரிக்கப் பள்ளிகளில் பாடமாகப் பயிலப்படுகிறது.

‘நன்றோ தீதோ, என் நாடு’ என்னும் கருத்தில் 1816-இல் கடற்படைத் தலைவர் ஸ்டீபன் டெகேட்டர் ஒரு விருந்தில் கூறிய வாழ்த்து, அமெரிக்க நாட்டுப்பெருமையின் மந்திரமாயிற்று. அதற்குத் தக்க மறுமொழி 1872-இல் செனட் சபையில் எழுந்தது. நாடு நேரிய வழியில் சென்றால் அவ்வழியில் நிலைபெறச் செய்வேன். தவறினால் நேர்வழிக்குத் திருப்புவேன் என்னும் பொருள்பட விடையிறுத்தவர் கார்ல் ஷூர்ஸ். அவர் அமெரிக்காவில் பிறந்தவரல்லர். 1849-இல் தோல்வியுற்ற ஜெர்மானியப் புரட்சியில் பங்குகொண்டு, நாடிழந்து, 1852-இல் குடியேறியவர். வந்தேறியவரின் வாயிலிருந்து அச்சொல் பிறந்ததை நாம் சிறப்பாகக் கருத வேண்டும். நாட்டைத் தேர்ந்துகொண்டவனுக்கு அதன் பெருமையைக் காக்கும் கடமை, அங்குப் பிறந்தவனுக்குச் சற்றும் குறைந்ததன்று.

மார்க் ட்வைன் 1867-இல் ஐரோப்பாவுக்கும் புனித நாட்டுக்கும் சென்ற அமெரிக்கப் பயணிகளோடு தாமும் சென்று, 1869-இல் எழுதிய நூலில் அயலாரை எள்ளியதோடு தம்மவரையும் எள்ளினார். முதுமையில் பிலிப்பைன்ஸ் போரைக் கண்டித்து, பேரரசுக் கொள்கை எதிர்ப்புக் கழகத்தின் துணைத்தலைவருள் ஒருவராக 1901 முதல் 1910-இல் மறையும் வரை இருந்தார்.

தமிழர் கண்ட அமெரிக்கர்

தமிழர் அமெரிக்கரை அறிந்தது நூல் வழியாக மட்டுமன்று. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மதுரையிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அமெரிக்கச் சமயத் தொண்டர் வந்து தங்கினர். அவர்கள் சமயம் பரப்ப வந்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் மைரன் வின்சுலோ 1862-இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் - ஆங்கில அகராதி 67,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. பின்வந்த அகராதிகளுக்கெல்லாம் அடித்தளம்.

1847-இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். 1860-களில், தமிழரின் நோயைத் தீர்ப்பவர் தமிழிலேயே மருத்துவம் கற்க வேண்டும் என்று துணிந்து, பாடமொழியைத் தமிழாக்கினார். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்கள் அம்முயற்சியில் பிறந்தன. மாணாக்கர் ஐரோப்பிய உடைக்கும் நடைக்கும் மாறுவதை அவர் விரும்பினாரில்லை. தம் நாட்டுப் பெருமையைப் பறைசாற்றாமல் பிறர் மொழிக்குள் புகுந்து உழைத்த இவ்வமெரிக்கரால் அமெரிக்கா தமிழர் நடுவே பெற்ற நன்மதிப்பை எந்தத் தூதரகமும் ஈட்டித் தந்ததில்லை.

வல்லரசின் முகம்

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நிலைமை மாறியது. ஏளனத்துக்கு அஞ்சிய இளங்குடியரசு உலகம் அஞ்சும் வல்லரசாயிற்று. 1958-இல் லெடரர், பர்டிக் ஆகிய இருவர் எழுதிய ‘அழகற்ற அமெரிக்கன்’ என்னும் புதினம், தென்கிழக்கு ஆசியாவில் உள்ளதாகக் கற்பித்த ஒரு நாட்டில் அமெரிக்கத் தூதர்கள் மொழி அறியாமலும் மக்களோடு பழகாமலும் மாளிகைக்குள் அடைந்து கிடப்பதைச் சாடியது. அந்தப் பெயர், செருக்குற்ற அமெரிக்கருக்கு உலகெங்கும் வசைச்சொல்லாயிற்று. ஆனால் அந்நூலில் அழகற்றவனாக வரும் ஹோமர் அட்கின்ஸ் ஒரு நல்ல பொறியாளன், முகம்தான் அழகற்றது. மிதிவண்டியின் மிதி அமைப்பைக் கொண்டு நீரிறைக்கும் கருவி ஒன்றை ஊராரோடு சேர்ந்து செய்து தருபவன் அவனே. நல்லவனைக் குறித்த பெயரை உலகம் தீயவர்க்குச் சூட்டிவிட்டது!

அந்நாளில் செனட் உறுப்பினராயிருந்த கென்னடி, வேறு சிலரோடு சேர்ந்து, அந்நூலைத் தம் சபையினர் ஒவ்வொருவருக்கும் அனுப்பினார். குடியரசுத் தலைவரானதும் 1961 மார்ச் 1-ஆம் நாள் அமைதிப் படையைத் தொடங்கினார். அதன் முதல் ஆண்டிலேயே ஒரு சோதனை வந்தது. நைஜீரியாவின் இபாதான் நகரில் பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர், அங்குள்ள வாழ்க்கை இழிநிலையில் இருப்பதாகத் தம் நண்பருக்கு எழுதிய அஞ்சலட்டை வழியில் தவறி மாணவர் கைக்குக் கிட்ட, பெருங்கிளர்ச்சி மூண்டது. ஆங்கிலச் சீமாட்டி சின்சினாட்டியைப் பற்றி எழுதியதும் இதுவே. இம்முறை எழுதியவர் அமெரிக்கர், புண்பட்டவர் நைஜீரியர். நாட்டுப்பெருமை எங்கும் ஒரே தோலால் ஆனது. எனினும் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன் கார்ட்டர், அறுபத்தெட்டாம் வயதில் அப்படையில் சேர்ந்து, 1966 முதல் 1968 வரை பம்பாயை அடுத்த விக்ரோலியில் மருத்துவத் தொண்டாற்றியதை அங்கு வாழ்ந்த நம்மவர் பலர் அறிவர்.

உதவியும் உறவைக் கெடுப்பதுண்டு. 1965, 1966 ஆண்டுகளின் வறட்சியில் அமெரிக்கக் கோதுமை இந்தியாவில் பல்லாயிரவர் பசி தீர்த்தது. ஆனால் குடியரசுத் தலைவர் ஜான்சன் அதனைச் சிறிது சிறிதாகவே விடுவித்தார். வியட்நாம் போரை இந்தியா குறைகூறியது அவருக்குக் கசந்தது. கப்பல் எப்போது வரும் என்று காத்திருந்த நாட்டுக்கு, உண்ட சோற்றின் நன்றியோடு மனக்குறையும் சேர்ந்தே வந்தது.

1971 டிசம்பரில், வங்கப் போரின்போது எண்டர்பிரைஸ் என்னும் போர்க்கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் அனுப்பப்பட்டதை நம் தலைமுறை மறக்கவில்லை. அதே ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் டாக்காவிலிருந்த அமெரிக்கத் தலைமைத் துணைத்தூதர் ஆர்ச்சர் பிளட், தம் அரசு அறநெறியில் தவறியது என்று இருபது அமெரிக்க அலுவலர் கையொப்பமிட்ட எதிர்ப்பைத் தந்தியில் அனுப்பியதைத்தான் நாம் அவ்வளவாக நினைவில் கொள்வதில்லை. அவர் பதவி மாற்றப்பட்டார். அக்கப்பலும் அத்தந்தியும் ஒரே நாட்டைச் சேர்ந்தவை. எதனை அமெரிக்காவின் முகம் என்று கொள்வது?

முடிவாக

2001 செப்டம்பர் தாக்குதலின் மறுநாள்களில் பிரான்சின் ல மோந்த் நாளிதழ், நாம் யாவரும் அமெரிக்கரே என்று எழுதியது. 2003-இல் ஈராக் போரைப் பிரான்சு எதிர்க்கவே, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சிற்றுண்டிச்சாலையில் பிரெஞ்சு உருளைக்கிழங்கு வறுவலின் பெயரையே மாற்றினர். 2006-இல் பழைய பெயர் சந்தடியின்றித் திரும்பி வந்தது. தொக்குவில் கண்ட எளிதிற் சினக்கும் பெருமை, நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் மாறாதிருந்தது.

ஆயினும் இவ்வரலாறு முழுவதையும் ஒருசேர நோக்கும்போது, உலகம் அமெரிக்கரை மதித்த இடங்கள் எவை என்பது நமக்குப் புலனாகிறது. அவர்கள் தம்மைத் தாமே புகழ்ந்த இடத்தில் மதிப்பு எழவில்லை. டக்ளஸ் பேசிய மேடையிலும், கிறீன் கற்பித்த வகுப்பிலும், பிளட் அனுப்பிய தந்தியிலும் அது எழுந்தது.

தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. அண்டை வீட்டார் நம்மை வைத்தே தமிழரை எடைபோடுகின்றனர். நாமும் நம் மொழியின் தொன்மையையும் இலக்கியத்தின் மேன்மையையும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சி தவறன்று. ஆனால் நம்மைக் குறை கூறும் அயலார் சொல்லைக் கேட்டவுடன் முகம் சிவக்கிறதா, அல்லது அதில் உண்மையுண்டா என்று மனம் ஆராய்கிறதா என்பதை நாம் ஒவ்வொருவரும் நம் வீட்டில், நம் பிள்ளைகள் காணச் சோதித்துக்கொள்ளலாம். அவர்கள் பெருமையைக் கற்பது நம் பேச்சிலிருந்தன்று. குறை கேட்கும்போது நம் முகத்தில் தோன்றும் குறிப்பிலிருந்தே கற்கின்றனர்.