தஞ்சைச் சுவிசேட கவிராயர்

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் ஞாயிறு காலையில் தமிழ் ஆராதனைக்குச் செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். முதலில் ஜெர்மானிய மெட்டில் அமைந்த ஞானப்பாட்டு ஒன்று எழும். சபையார் புத்தகத்தை விரித்து நின்று பாடுவர். பிறகு கீர்த்தனை தொடங்கும். அப்போது பலர் புத்தகத்தை மூடிவிடுவர்; பல்லவி நாவிலேயே இருக்கும். தமிழ் எழுத்தறியாமல் அயல்மாநிலத்தில் வளர்ந்த பிள்ளையும் அனுபல்லவியில் வந்து சேர்ந்துகொள்ளும். அக்கீர்த்தனைகளுள் பலவற்றை நமக்கு ஆக்கித் தந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரைக் குழப்பிக்கொள்வோர் உண்டு. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய பிள்ளையவர்கள் இவருக்கு ஐம்பது ஆண்டு பிற்பட்டவர்.

சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் வேளாளர் குடியில் பிறந்தவர். தந்தையார் தேவசகாயம் பிள்ளை ஓர் உபதேசியார். அங்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ், சிறுவனின் அறிவைக் கண்டு, பன்னிரண்டு வயதிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். சுவார்ட்ஸின் கண்காணிப்பில் வளர்ந்த மற்றொரு மாணவர், பின்னர் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோஜி. இவ்விருவரின் நட்பு இறுதிவரை நீடித்தது.

சாஸ்திரியார் மிஷன் பள்ளியின் தலைமையாசிரியரானார். ஆயினும் அவர் புகழ் பாட்டினாலேயே பரவியது. அவருக்கு முன் தமிழ்ப் புராட்டஸ்டண்டு சபைகளில் பாடப்பட்டவை பெரும்பாலும் பப்ரிசியுஸ் முதலியோர் மொழிபெயர்த்த ஜெர்மானியப் பாடல்கள். பொருளில் அவை ஆழமானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் குறிலும் நெடிலும் தமக்குரிய இடத்தை விட்டு மெட்டுக்காக நீண்டும் குறுகியும் ஒலிக்க வேண்டியிருந்தது. சாஸ்திரியாரோ கும்மி, குறவஞ்சி, நாடகம், கீர்த்தனை என மக்கள் செவிக்குப் பழகிய வடிவங்களையே எடுத்துக்கொண்டார். 1800-ஆம் ஆண்டளவில் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி தேவமோகினி; அவள் காதலிக்கும் தலைவர் இயேசு பெருமான்; குறி சொல்ல வருபவள் ஞானச்சிங்கி. அதனுள் பூகோளமும், கோள்கள் கதிரவனைச் சுற்றும் செய்தியும் இடம்பெற்றன. சுவார்ட்ஸின் பள்ளியில் கற்ற பாடம் குறத்தியின் பாட்டோடு கலந்துவிட்டது! அதே தஞ்சையில், அதே மன்னர் காலத்தில், சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பட்டது என்பதையும் சேர்த்து நினைக்கும்போது, அந்நகரின் செழுமை நமக்கு விளங்கும்.

1798-இல் சுவார்ட்ஸ் மறைந்தார். அடுத்த தலைமுறையில் வந்த மிஷனெரிகள் வேறு எண்ணம் உடையவர்கள். 1820-களில் மூண்ட பூசலில் சாஸ்திரியார் தஞ்சைச் சபையாரின் குரலாக நின்று நான்கு முறையீடுகளை எழுதினார். பப்ரிசியுஸின் வேதமொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள். விழாக்களிலும் திருமணங்களிலும் பூவைத் தடுக்கிறார்கள். ஆலயத்தில் தமிழிசையை விலக்குகிறார்கள். சாதி வேறுபாடின்றி ஒன்றாக அமரச் சொல்லுகிறார்கள். இவையே அந்நான்கு.

முதல் மூன்றிலும் நம் மனம் அவர் பக்கமே சாய்கிறது. ஓதி ஓதிப் பழகிய வேதச் சொற்களைத் திடீரென மாற்றினால் வருந்தாதார் யார்? பூவும் பண்ணும் விலக்கிய திருமணம் தமிழர் வீட்டுத் திருமணமாகுமா? ஆனால் நான்காவதில் அவர் கொண்ட நிலையை நாம் ஏற்பதற்கில்லை. வேளாளர் ஒருபுறமும் தாழ்த்தப்பட்டோர் மற்றொருபுறமும் அமர்வதை, உடை போலவும் உணவு போலவும் உலக வழக்கம் என்றே அவர் கருதினார். பழைய மிஷனெரிகள் பொறுத்துக்கொண்டதைப் புதியவர்கள் ஏன் பொறுக்கலாகாது என்று வாதாடினார். மறுபுறத்துப் பாயில் அமர்ந்தவர்க்கு அவ்வழக்கம் எப்படி இருந்தது என்பதை அவர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மிஷனெரிகளின் பிழையும் சிறிதன்று. சாதியையும் சங்கீதத்தையும் ஒரே கட்டாகக் கட்டி எறிய முயன்றார்கள்; ஆதலின் சங்கீதத்தைக் காக்க எழுந்தவர் சாதியையும் சேர்த்தே காத்தார்.

1829-இல் சாஸ்திரியார் மிஷன் பணியை இழந்தார். சரபோஜி அவரை அரண்மனைக் கவிஞராக ஆதரித்தார். அந்த ஆதரவும் நெடுநாள் நிலைக்கவில்லை. மன்னர் 1832-இல் காலமானார். மறு ஆண்டே கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டுமென்று சுற்றுக்கடிதம் விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர்.

இனி வியப்பான செய்தி ஒன்று. அமெரிக்க மதுரை மிஷன் சாதி விஷயத்தில் மிகக் கண்டிப்பானது; 1847-இல் தன் உபதேசிமார் அனைவரும் சமபந்தியில் உண்ண வேண்டுமென்று வற்புறுத்தியது. அதே மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் பாதிரியார்தாம் முதியவரான சாஸ்திரியாரை நாடி அவர் பாடல்களைத் திரட்டினார். 1853-இல் வெளிவந்த கீர்த்தனைத் தொகுப்பில் சாஸ்திரியாரின் பாடல்களே மிகுதி. அந்நூலின் வழியே அவை ஊர் ஊராகச் சென்றன. அவர் தனிப்பாய் விரித்திருக்கக் கூடியவர்களின் வீடுகளிலும் மாலை வேண்டுதலில் ஒலித்தன.

சாஸ்திரியார் 1864 ஜனவரி 24-ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில் தஞ்சையில் காலமானார். அவர் மரபினர் தலைமுறை தலைமுறையாகக் கதாகாலட்சேபம் செய்து அவருடைய பாடல்களைப் பாடி வந்துள்ளனர்.