டயரில் எழுதிய வரலாறு: 6.00-16 முதல் 255/65 ஆர்18 வரை

டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்ட எண்களைக் கடைக்காரரும் வாங்குபவரும் அளவாக மட்டுமே படிக்கின்றனர். வரலாற்று மாணவர் அவற்றை ஒரு கல்வெட்டைப் போலவும் படிக்கலாம்.

அமெரிக்கப் படைக்கென 1941 முதல் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் தயாரித்த ஜீப்பின் டயரில் இருந்த குறி 6.00-16. அகலம் 6 அங்குலம்; ரிம்மின் விட்டம் 16 அங்குலம். பக்கச்சுவரின் உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தமையால் மூன்றாவது எண் தேவைப்படவில்லை. அந்த டயரின் தடித்த கட்டைகள் முன்னோக்கியும் பின்னோக்கியும் ஒரே பிடிப்பைத் தந்தன. சேற்றில் சிக்கிய வண்டி பின்வாங்கி மீள அது வேண்டியிருந்தது. ஆக, அந்த வடிவம் தேவையிலிருந்து பிறந்தது; தோற்றத்திற்காக அன்று.

விடுதலைக்குப் பின் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கியது. காவல்துறை, வனத்துறை, வருவாய்த்துறை அலுவலர்கள் கப்பிச் சாலையிலும் வண்டிப்பாதையிலும் சென்ற காலம் அது. படைக்கென அமைந்த உயர்ந்த பக்கச்சுவர் அவர்களுக்கும் பொருந்தியது.

குறியின் இலக்கணம் மாறியது ரேடியலால். 1946இல் பிரான்சின் மிஷ்லின் நிறுவனம் அதற்குக் காப்புரிமை கோரியது. பழைய டயரின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்டவை. ரேடியலில் அவை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்கின்றன. அதனால் பக்கச்சுவர் தனியே நெளிய, தரையைத் தொடும் பரப்பு தட்டையாகப் படிகிறது. சூடும் தேய்மானமும் குறைகின்றன. சிறு கோடு இருந்த இடத்தில் 'ஆர்' என்னும் எழுத்து வந்தமர்ந்தது. அகலம் மில்லிமீட்டரில், உயரம் அகலத்தின் விழுக்காட்டில், ரிம் மட்டும் இன்றும் அங்குலத்தில் என ஒரே குறியில் மூன்று அளவை மரபுகள் கலந்து நிற்கின்றன.

இந்தக் கலப்புக் குறியைப் படிக்கத் தெரிவது இன்று நடைமுறைத் தேவை. 2020 அக்டோபரில் வெளிவந்த இரண்டாம் தலைமுறை மஹிந்திரா தார், வகைக்கேற்ப இரண்டு அளவுகளில் வந்தது: 245/75 ஆர்16, 255/65 ஆர்18. கணக்கிட்டால் முதலதன் முழு விட்டம் ஏறத்தாழ 774 மி.மீ., இரண்டாவது 789 மி.மீ. வேறுபாடு 15 மி.மீ. மட்டுமே. ஆனால் பக்கச்சுவர் முதலதில் 184 மி.மீ., இரண்டாவதில் 166 மி.மீ. பெரிய ரிம் கண்ணுக்கு எடுப்பு. திருப்பங்களில் சாய்வும் குறைவு. எனினும் குழியில் விழும்போது அதிர்ச்சியைத் தாங்குவது ரப்பரும் காற்றும்தான். மணலில் காற்றைக் குறைத்து ஓட்டவும் உயர்ந்த பக்கச்சுவரே உதவும். காட்டுக்கும் குழி நிறைந்த நகரத்திற்கும் சிறிய ரிம்மே ஏற்றது என்பது இக்கணக்கு காட்டும் முரண்.

மேற்பரப்பின் தேர்விலும் இதே முரண் உண்டு. சேற்றுக்கென அமைந்த 'மட் டெரைன்' டயரில் கட்டைகளுக்கிடையே இடைவெளி மிகுதி. சேற்றில் அது தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்ளும். நனைந்த நகரச் சாலையிலோ தரையைத் தொடும் ரப்பர் குறைவு. பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கும் தொலைவு கூடும். இரைச்சலும் எரிபொருள் செலவும் உடன்வரும். ஆண்டில் சில நாள் மட்டும் மண்பாதையில் செல்பவருக்கு மிதமான 'ஆல் டெரைன்' போதும். அதுவும் இல்லாதவருக்கு நெடுஞ்சாலை டயரே தக்கது.

அளவைக் கூட்டுவோர் மற்றொன்றையும் எண்ண வேண்டும். விட்டம் 10 விழுக்காடு கூடினால், முன்பு மணிக்கு 50 கி.மீ. சென்ற சக்கரச் சுழற்சியில் வண்டி 55 கி.மீ. செல்லும், வேகமானி அதை அறியாது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

போர்க்களத்தில் தேவையாக இருந்த கரடுமுரடு, நகரத்தில் அடையாளமாக மாறியிருக்கிறது. அடையாளத்திற்குக் கொடுக்கும் விலை பணத்தோடு முடிந்தால் அது அவரவர் விருப்பம். மழைநாளில் அவ்வண்டியின் முன்னே சாலையைக் கடப்பவரும் அவ்விலையில் பங்கு கொடுக்க நேர்வதால், டயர்த் தேர்வு பொதுநலன் சார்ந்ததும் ஆகிறது.