சென்னையின் பசுமைக் கட்டமைப்பு

சென்னையின் பசுமைக் கட்டமைப்பு என்பது மாநகரம் மழைவெள்ளத்தையும் கோடை வெப்பத்தையும் தாங்க உதவும் ஏரிகள், சதுப்புநிலம், ஆற்றங்கரைகள், கழிமுகங்கள், காப்புக்காடுகள், பூங்காக்கள், சாலையோர மரங்கள் ஆகியவை சேர்ந்த தொகுதி. இதில் பெரும்பகுதியை மாநகரம் உருவாக்கவில்லை. ஏரிகள் பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. சதுப்பும் கழிமுகமும் இயற்கையாக அமைந்தவை. காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் திட்டங்களில் இவற்றைக் குறித்து இரண்டு கேள்விகள் எழுகின்றன. பெய்யும் நீர் எங்கே தங்கும், எங்கே போகும் என்பது ஒன்று. நிழலும் திறந்தவெளியும் யாருக்குக் கிடைக்கின்றன, அவற்றுக்காக யார் இடம்பெயர்கிறார்கள் என்பது மற்றொன்று. முதலாவதைப் பொறியியல் பிரச்சினையாகவும் இரண்டாவதை வீட்டுவசதிப் பிரச்சினையாகவும் தனித்தனித் துறைகள் கையாண்டு வந்ததே சென்னையின் அடிப்படைக் குறை.

நிலமும் நீரும்

சென்னை ஏறக்குறைய தட்டையான கடலோர நிலம். கொசஸ்தலை, கூவம், அடையாறு ஆகிய மூன்றும் மேற்கிலிருந்து கடலை நோக்கி வருகின்றன. பக்கிங்காம் கால்வாய் வடக்குத் தெற்காக அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாட்களுக்குள் கொட்டிவிடும். இப்படிப்பட்ட மழைக்கு ஏற்றதாகவே பழைய ஏரித்தொடர்கள் அமைந்தன. மேல் ஏரி நிரம்பினால் மிகுதி நீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என இறங்கிவரும் நீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்வது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வயல்கள் மனைகளானபோது ஏரிக்கு ஆயக்கட்டு, அதாவது அதன் நீர் பாயும் வயல், இல்லாமல் போனது. நீர் பாயத் தேவையில்லை என்றதும் மதகும் வாய்க்காலும் கவனிப்பாரற்றுப் போயின. வாய்க்காலின் மேல் தெருக்கள் வந்தன. ஏரி இருந்தும் அதற்கு வரத்தும் போக்கும் இல்லாத நிலை உருவானது. இன்று கரையைப் பலப்படுத்தி, நடைபாதை போட்டு, மின்விளக்கு நட்டு ‘சீரமைக்கப்பட்ட’ ஏரிகள் பலவற்றுக்கும் உண்மையான தேவை அந்த வாய்க்கால்கள்தான்.

பள்ளிக்கரணை

தென்சென்னையின் வெள்ளவடிகால் இந்தச் சதுப்பை நம்பியே இருக்கிறது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்யும் மழையும் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரும் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு என்ற ஒரே முக்கிய வாயில் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும், பின் கோவளம் கழிமுகத்துக்கும் போகின்றன. அகன்ற தட்டில் நீரைப் பரப்பி, கடல் ஏற்றம் தணியும்வரை பிடித்துவைத்து மெல்ல விடுவதே சதுப்பின் வேலை. பரப்பு சுருங்கினால் அதே நீர் உயரமாக நிற்கும்.

அந்தப் பரப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. 1960களில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பில் பெருங்குடி குப்பைக்கிடங்கு, பறக்கும் ரயில் நிலையம், துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை, ஆராய்ச்சி நிறுவன வளாகம், தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள் எல்லாம் எழுந்தன. ஆக்கிரமிப்பு என்றதும் குடிசைகளையே நினைப்பது பொதுப்புத்தி. இங்கே சதுப்பை அதிகமாக விழுங்கியவை அரசின் அனுமதியோடும் அரசின் கையாலும் வந்தவை. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அதாவது ராம்சார் தலமாக, பட்டியலிடப்பட்டது.

மீள்குடியேற்றம்

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பெய்தது, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீரும் சேர்ந்து அடையாறு கரைபுரண்டது. அதன்பின் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை அகற்றும் வேலை வேகம் பிடித்தது. உயிருக்கு ஆபத்து என்பதும், கரையை மீட்டுப் பசுமையாக்க வேண்டும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். இரண்டும் பொய்யல்ல.

ஆனால் அவர்கள் கொண்டுபோய் விடப்பட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். 2000இலிருந்து வளர்ந்த கண்ணகி நகர், பிறகு எழுந்த எழில் நகர், பெரும்பாக்கம் ஆகிய மூன்றும் பள்ளிக்கரணைச் சதுப்பின் விளிம்பில் உள்ளன. ஒக்கியம் மடுவு கண்ணகி நகரை ஒட்டியே ஓடுகிறது. ஓர் ஆற்றின் வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள் ஒரு சதுப்பின் வெள்ளத்துக்குள் குடியமர்த்தப்பட்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கமும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நீரில் மிதந்தன. முன்பு வாழ்ந்த சைதாப்பேட்டையிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் நடந்துபோகும் தூரத்தில் இருந்த வீட்டுவேலை, கட்டடவேலை, பள்ளிக்கூடம் அனைத்தும் இவர்களுக்கு வெகுதொலைவுக்குப் போய்விட்டன. அவர்கள் விட்டுச்சென்ற கரையில் நடப்பட்ட மரங்களின் நிழல், அங்கேயே நிலைத்திருக்க முடிந்தவர்களுக்குச் சொந்தமானது. ஆற்றங்கரை மீட்பு தேவையான பணி. ஆனால் அதன் கணக்கில் மீள்குடியேற்ற நிலத்தின் வெள்ள அபாயம் சேராதவரை அந்தக் கணக்கு முழுமையாகாது.

பூங்காக்கள் எங்கே வருகின்றன

தேசிய நகர்த் திட்ட வழிகாட்டுதல்கள் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளியைப் பரிந்துரைக்கின்றன. சென்னை அதன் அருகில்கூட இல்லை. இருப்பதும் சீராகப் பரவவில்லை. கிண்டி தேசியப் பூங்கா, ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி., அடையாறு பிரம்மஞான சபை எனத் தெற்கே அடர்ந்த மரங்கள் உள்ளன. செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரியும் இந்த நிலத்தின் பெரும்பகுதிக்குள் சாதாரணக் குடிமகன் நினைத்தபோது நுழைய முடியாது. ஆகவே பச்சைப் பரப்பை மட்டும் அளந்தால் போதாது, கால்வைக்க முடிகிற பரப்பையும் அளக்க வேண்டும். வடக்கே எண்ணூர்க் கழிமுகம் அனல்மின் நிலையச் சாம்பலால் பாழ்பட்டது. வியாசர்பாடி, தண்டையார்பேட்டை போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் மரம் நடவே இடம் தேட வேண்டும்.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு விதிகளும் ஒரு காரணம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ கட்டடமோ வரும்போது பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் திறந்தவெளியாகத் தானப்பத்திரம் செய்து உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும், இதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்கள். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையானால், இடம் விட இயலாதபோது வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். பெரிய மனைப்பிரிவுகள் வருவது புறநகரில்தான். பழைய வடசென்னைத் தெருவில் யாரும் புதிதாக லேஅவுட் போடுவதில்லை. விளைவாக, பூங்கா மக்கள்நெருக்கத்தைப் பின்தொடராமல் மனை வணிகத்தைப் பின்தொடர்கிறது. வசூலாகும் தொகையை நிழல் குறைந்த வார்டுகளில் நிலம் வாங்கவே செலவிட வேண்டும் என்று விதித்தால் இந்தப் போக்கை ஓரளவு திருப்பலாம்.

நேரமும் ஒரு வேலிதான். மாநகராட்சிப் பூங்காக்களை நடைப்பயிற்சிக்காரர்களின் வசதிக்கு ஏற்பக் காலையும் மாலையும் திறந்து நண்பகலில் பூட்டுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது; பின்னர்தான் நேரம் நீட்டிக்கப்பட்டது. வெயில் கொளுத்தும் வேளையில் நிழல் தேடுவோர் தள்ளுவண்டிக்காரர்களும் டெலிவரி இளைஞர்களும். 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தபின், பூட்டிய பூங்காவுக்கு நியாயம் சொல்வது இன்னும் கடினம். பெரிய தோட்டங்களின் நுழைவுக்கட்டணமும் இப்படி ஒரு வேலிதான்.

மண்ணும் மரமும்

‘ஸ்பாஞ்ச் பார்க்’ எனப்படும் நீர் உறிஞ்சும் பூங்காக்களை மாநகராட்சி அமைத்து வருகிறது. சாலைமட்டத்தைவிடத் தாழ்வாகக் குழிந்த தரையில் மழைநீரைச் சேர்த்து, கூழாங்கல், மணல் அடுக்குகள் வழியே நிலத்துக்குள் விடுவது இதன் முறை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் இது சிறப்பாக வேலை செய்யும். களிமண் மிகுந்த இடங்களில் நீர் எளிதில் இறங்காது. அங்கே குளமாகத் தேக்குவதே வழி. கிண்டி குதிரைப்பந்தய மைதான நிலத்தை 2024இல் அரசு மீட்டபின் வேளச்சேரிப் பக்க வெள்ளத்தைக் குறைக்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன. நகரின் நடுவே செல்வர்களின் விளையாட்டுக்கு இருந்த நிலம் நீருக்குத் திரும்பியது அரிதான, நல்ல முன்னுதாரணம்.

2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சாலைமரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. நடைபாதைக் கான்கிரீட்டுக்குள் வேர் இறுகிய மரங்களும், விரைவில் வளரும் அயல் இனங்களும் எளிதில் விழுந்தன. வேம்பு, புங்கு, பூவரசு, புன்னை, நீர்மருது போன்ற நாட்டு மரங்களை நடுவது அதன்பின் பரவலாக வலியுறுத்தப்படுகிறது. கன்று நடும் எண்ணிக்கையே செய்தியாகிறது. அடிமரத்தைச் சுற்றி மண் விடுவதும், மூன்று கோடைக்கு நீர் ஊற்றுவதும் அதே அக்கறையைப் பெறுவதில்லை.

திட்டங்களும் சட்டமும்

2023 ஜூனில் வெளியான சென்னைக் காலநிலைச் செயல்திட்டம் 2050க்குள் கார்பன் சமநிலையை இலக்காக வைத்தது. 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, பள்ளிக்கரணையைப் பாதிக்கக்கூடிய சுற்றுநிலம் (தாக்கப்பகுதி) வரையறுக்கப்படும்வரை ராம்சார் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கட்டுமான அனுமதிகளை நிறுத்தச் சொன்னது. பெருநிறுவனங்களோடு, சேமிப்பைப் போட்டு ஒரு கிரவுண்டு மனை வாங்கியவர்களும் இதில் சிக்கினர். எல்லை வரைவதைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டதன் செலவு இப்படிச் சிறியவர்கள் தலையிலும் விழுகிறது.

பெருநகரப் பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026இல் முடிகிறது. மூன்றாவது 2027 முதல் 2046 வரை நடப்பில் இருக்கும். புதிதாகச் சேர்ந்த திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளில் ஏரியும் கலங்கலும் வாய்க்காலும் பல இடங்களில் இன்னும் வேலை செய்கின்றன. அவற்றின் கீழே ஆயக்கட்டு வயல்கள் உள்ளன, வயலை ஒட்டி ஊர்களும் காலனிகளும் உள்ளன. மனைப்பிரிவுக்கு அனுமதி தருமுன் அந்த வாய்க்கால்களைப் பட்டா நிலத்தின் ஊடேயும் வரைபடத்தில் குறிப்பதும், அடுத்த மீள்குடியேற்ற வீடுகளை வேலைக்கு அருகே மேட்டுநிலத்தில் ஒதுக்குவதும் இந்த மூன்றாம் திட்டத்தின் கையில் இருக்கின்றன.