விருதுநகர் மாவட்டமும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களும்

பயங்கரவாதத்தை ஒடுக்க அரசு எதுவரை போகலாம் என்ற கேள்வியில் விருதுநகர் மாவட்டத்துக்குத் தனி அனுபவம் உண்டு. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இங்கே செய்யப்படுகிறது. இம்மாவட்டத்தோடு தொடர்புடைய மக்கள் தலைவர்கள் இருவர், ஏறத்தாழ எழுபது ஆண்டு இடைவெளியில், பயங்கரவாதம் தொடர்பான வழக்குகளில் சிக்கினர்.

வெடிமருந்து பற்றிய சட்டங்கள் இரண்டு. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் உற்பத்தியையும் சேமிப்பையும் உரிமத்துக்குள் கொண்டுவருவது. சிவகாசிப் பட்டாசு ஆலையில் ஓர் அறைக்கு எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று வரையறுக்கும் விதிகளுக்கு வேர் அதுதான். 1908-ஆம் ஆண்டு வெடிபொருட்கள் சட்டம் வேறு வகை. ஏப்ரல் 30 அன்று முசாபர்பூரில் குதிராம் போசும் பிரபுல்ல சாக்கியும் வீசிய குண்டில் இரு ஆங்கிலேயப் பெண்கள் இறந்தனர். ஜூன் மாதத்துக்குள் சட்டம் வந்துவிட்டது. அவசரத்தில் பிறந்தாலும், அது தொட்டது குண்டையும் குண்டு வைக்கும் நோக்கத்தையும்தான். இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

1933-இல் காங்கிரஸ் தொண்டரான காமராஜர் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் சேர்க்கப்பட்டார். அவருக்காக வரதராஜுலு நாயுடுவும் ஜார்ஜ் ஜோசப்பும் வாதாடினர், குற்றச்சாட்டு நிற்கவில்லை. சாட்சியத்தைத் துருவிப் பார்க்க வழக்கறிஞருக்கு வாய்ப்பு இருந்ததால்தான் அவர் மீண்டார் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பின்னர் 1940-இல் இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

விடுதலைக்குப் பிந்தைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களில் 1985-இல் வந்த தடா முதலாவது, 1995-இல் காலாவதியானது. ராஜீவ் காந்தி கொலை வழக்கு அதன்கீழ்தான் நடந்தது. 1998 ஜனவரியில் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் கொலைக்குத் தடா பொருந்தாது என்று கூறி, 19 பேரைத் தூக்கிலிருந்து விடுவித்தது. நால்வருக்குத் தூக்கை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 26 தூக்கு நான்கானது சிறிய திருத்தமல்ல.

2001 டிசம்பரில் நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. அதன்பின், மாநிலங்களவை நிராகரித்த பொடா எனும் பயங்கரவாதத் தடுப்பு மசோதா, 2002 மார்ச் 26 அன்று கூட்டுக் கூட்டத்தில் 296-க்கு எதிராக 425 வாக்குகளில் நிறைவேறியது. காவல் கண்காணிப்பாளர் பதிவுசெய்யும் வாக்குமூலம் இதில் சாட்சியமாக ஏற்கப்பட்டது. கைதானவர் குற்றமற்றவர் என்று நீதிபதி கருதினாலன்றி முதல் ஓராண்டுக்கு ஜாமீன் இல்லை என்றது. தடைசெய்யப்பட்ட அமைப்பை ஆதரித்துக் கூட்டத்தில் பேசுவதையும் 21-ஆம் பிரிவு குற்றமாக்கியது. ஆளும் கூட்டணியில் இருந்த மறுமலர்ச்சி திமுகவும் சட்டத்தை ஆதரித்தது.

அந்தக் கட்சியின் பொதுச்செயலாளர் வைகோ, அப்போது சிவகாசித் தொகுதியின் மக்களவை உறுப்பினர். ஜூன் 29 அன்று திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் விடுதலைப் புலிகளுக்கு ஆதரவாகப் பேசியதற்காக, ஜூலை 11 அன்று வெளிநாட்டிலிருந்து திரும்பியதும் சென்னை விமான நிலையத்தில் தமிழகக் காவல்துறை அவரைப் பொடாவில் கைதுசெய்தது. காமராஜர் இருந்த அதே வேலூர்ச் சிறையில் 19 மாதங்கள் இருந்தார். தீப்பெட்டியும் பட்டாசும் செய்யும் தொகுதியின் உறுப்பினர் மேல் இருந்த குற்றச்சாட்டில் மருந்தோ திரியோ இல்லை. இருந்தது ஒரு மேடைப் பேச்சு.

2003 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் பொடா செல்லும் என்றது. ஆனால் பயங்கரவாதச் செயலை ஊக்குவிக்கும் அல்லது அதற்கு உதவும் நோக்கம் இல்லாத வெறும் தார்மீக ஆதரவு குற்றமாகாது என்றும் தெளிவுபடுத்தியது. 2004 பிப்ரவரியில் வைகோ ஜாமீனில் வெளிவந்தார். தீர்ப்பு சரியானது, ஆனால் தாமதமாக வந்தது. சிறப்புச் சட்டம் கொண்டுவரும் அரசு, கைது நடந்த சில வாரங்களிலேயே வழக்கைச் சோதிக்கும் தன்னுரிமையுள்ள அமைப்பையும் கூடவே ஏற்படுத்த வேண்டும்.

2004-இல் பொடா நீக்கப்பட்டது. அதன் பல கூறுகள் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்கு இடம்பெயர்ந்தன. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008-இல் அதில் ஜாமீன் கட்டுப்பாடும் சேர்க்கப்பட்டது. பொடாவில் இருந்த ஓராண்டு வரம்பு இதில் இல்லை.