பார்வையற்றவருக்கு வழிகாட்டி, நடக்க இயலாதவருக்குப் பணியாள்

திங்கட்கிழமைகளில் வேங்கிக்காலில் உள்ள திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடைபெறும். முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் மனுக்களுடன் அங்கே வருவர். ஆயினும், வீட்டில் படுத்த படுக்கையாகிவிட்ட பெற்றோருக்காக அரசிடம் உதவி கேட்க நம்மில் பலர் கூசுகிறோம். பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள வக்கில்லையா என ஊர் ஏசுமே என்னும் அச்சம் நம்மைத் தடுக்கிறது. அந்தக் கூச்சத்திற்கு நம் வரலாற்றில் இடமுண்டா?

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்துச் செய்தி ஒன்றை இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்துள்ளார். பார்வையிழந்த முதிய யூதர் ஒருவர் யாசிப்பதைக் கண்ட கலீஃபா, அவரைக் கைப்பிடித்துத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உதவினார். பின்னர் பைத்துல்மால் பொறுப்பாளரை அழைத்து, அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் பொது நிதியிலிருந்து வழங்குமாறு பணித்தார். இளமையில் அவரிடம் வரி பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பதே அவர் கூறிய காரணம். அங்கே உதவி, உரிமையாகவே வழங்கப்பட்டது.

கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட உமையாக் கலீஃபா வலீத், தொழுநோயாளிகள் யாசிக்காதிருக்க உதவித்தொகை அளித்தார். நடக்க இயலாதோருக்குப் பணியாளையும் பார்வையற்றோருக்கு வழிகாட்டியையும் ஏற்படுத்தினார் என வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். அவருக்குப் பின், 717இல் பொறுப்பேற்ற உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்), பார்வையற்றோர், முடங்கியோர், தொழுகைக்கு எழுந்து நிற்க இயலாத நோயாளிகள் ஆகியோரின் பட்டியலைத் தருமாறு ஷாம் நாட்டு நகரங்களுக்குக் கடிதம் எழுதினார். பார்வையற்றவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும், நீண்டகால நோயாளிகள் இருவருக்கு ஒரு பணியாளையும் அவர் நியமித்ததாக அவரது வரலாறு கூறுகிறது.

பெற்றோருக்குப் பணிவிடை செய்வது பிள்ளைகளின் கடமை என்பதில் ஐயமில்லை. திருக்குர்ஆன் (17:23) அதனை வலியுறுத்துகிறது. அந்தக் கடமையைத் தனியொரு மகளோ மருமகளோ மட்டும் உடல் நோகச் சுமக்க வேண்டும் என்று நாமாகவே ஆக்கிக்கொண்டோம். முன்னோர் அச்சுமையைப் பொது நிதியோடு பகிர்ந்துகொண்டனர்.

நம் காலத்திலும் அவ்வழி அடைபடவில்லை. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரணப் பராமரிப்புப் பணி, மலப்புறத்தில் ஊர்மக்களின் சிறு நன்கொடைகளாலும் தன்னார்வலர்களாலும் வீடுவீடாகப் பரவியது. 2008இல் கேரள அரசு அதற்கெனக் கொள்கையே வகுத்தது. உள்ளாட்சிகளும் அப்பணியை ஏற்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. இரத்த அழுத்த, சர்க்கரை நோய் மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணப் பராமரிப்பும் வாசலுக்கு வருகின்றன. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது.

எனினும் குளிப்பாட்டவும், உடை மாற்றவும், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லவும் நாள்தோறும் ஒருவர் வேண்டுமே! 2,000 ரூபாயில் அப்படி ஓர் ஆளை அமர்த்த இயலாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 38, அன்றாடச் செயல்களுக்கு மிகுந்த உதவி தேவைப்படுவோர் அதற்காக விண்ணப்பிக்க வழி செய்கிறது. நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் இருப்பதாகச் சான்று பெற்றவர்களுக்கு இது பொருந்தும். அவர்கள் சார்பில் வேறொருவரோ ஓர் அமைப்போ விண்ணப்பிக்கவும் சட்டம் இடமளிக்கிறது.

அந்த அமைப்பு ஏன் நம் ஜமாஅத்தாக இருக்கக் கூடாது? ஜும்ஆவுக்கு வரமுடியாமல் போனவர்கள் யார், அவர்களை வீட்டில் கவனிப்பவர் யார் என்று நம் மஹல்லாவில் ஒரு பட்டியல் எழுதுவோம். சான்றிதழ் இல்லாதோருக்கு அதனைப் பெற்றுத்தருவோம். அவர்களுக்கான மனுவை நாமே வேங்கிக்காலுக்குக் கொண்டு செல்வோம். உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களின் பணியும் ஒரு பட்டியலில்தான் தொடங்கியது.

முதியோரையும் நோயாளிகளையும் அவர்களுக்குப் பணிவிடை செய்வோரையும் அல்லாஹ் தன் ரஹ்மத்தால் காத்தருள்வானாக. ஆமீன்.