உயர் அழுத்த மின்வழித்தடமும் குடியிருப்பும்

உயர் அழுத்த மின்வழித்தடம் என்பது மின்னாக்க நிலையங்களில் உண்டாகும் மின்சாரத்தைத் தொலைவிலுள்ள துணைமின் நிலையங்களுக்கு எஃகுக் கோபுரங்களின் வழியே கொண்டு செல்லும் கம்பித் தொகுதி ஆகும். தமிழ்நாட்டில் 110, 230, 400, 765 கிலோவோல்ட்டு மின்னழுத்தங்களிலும், இலங்கையில் 132, 220 கிலோவோல்ட்டு மின்னழுத்தங்களிலும் இத்தடங்கள் உள்ளன. கோபுரங்கள் வயல்களையும் ஊர்களையும் கடந்து செல்வதால், அவற்றின் அருகில் வாழ்வோரின் உடல்நலம், பாதுகாப்பு, நில உரிமை ஆகியன குறித்து 1970களின் பிற்பகுதியிலிருந்து விவாதம் நடந்து வருகிறது. அவ்விவாதத்தில் ஒளிப்படங்கள் அடிக்கடி சான்றாக முன்வைக்கப்படுவதால், அவை எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டுவதில்லை என்பதும் இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

அமைப்பு

குறிப்பிட்ட அளவு திறனைக் கொண்டு செல்லும்போது மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். கம்பியில் வெப்பமாக வீணாகும் திறன் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், அவ்விழப்பு நூறில் ஒரு பங்காகும். உயர் அழுத்தத்தைப் பயன்படுத்துவதற்கு இதுவே அடிப்படைக் காரணம். 1891ஆம் ஆண்டில் செருமனியின் லாவ்ஃபனிலிருந்து பிராங்க்ஃபர்ட் வரை சுமார் 175 கிலோமீட்டர் தொலைவுக்கு மூன்று தறுவாய் மின்சாரம் அனுப்பிக் காட்டப்பட்டது. தென்னிந்தியாவில் 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு நெடுந்தொலைவுத் தடம் இயங்கியது. 1932இல் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் கோயம்புத்தூர்ப் பஞ்சாலைகளின் வளர்ச்சிக்குத் துணை நின்றது.

தடத்தில் தொங்கும் கம்பிகள் பெரும்பாலும் எஃகுக் கருவைச் சுற்றி முறுக்கிய அலுமினிய இழைகளால் ஆனவை. இவற்றின் மேல் மின்காப்பு உறை கிடையாது. சுற்றியுள்ள காற்றே காப்பு. கம்பியைக் கோபுரத்திலிருந்து பிரித்து வைப்பவை பீங்கான் அல்லது கண்ணாடித் தட்டுகளின் சரங்கள். ஒரு சரத்திலுள்ள தட்டுகளை எண்ணினாலே தடத்தின் அழுத்தத்தை ஏறத்தாழ ஊகித்துவிடலாம். 110 கிலோவோல்ட்டுக்கு 7 முதல் 9 வரை, 230 கிலோவோல்ட்டுக்கு 14 அளவில், 400 கிலோவோல்ட்டுக்கு 23 அளவில் தட்டுகள் இருக்கும். கோபுர உச்சியில் செல்லும் மெல்லிய கம்பி மின்சாரம் கொண்டு செல்வதற்கன்று. அது இடியைத் தாங்கி நிலத்துக்கு அனுப்புவதற்கானது.

மழையிலும் மூடுபனியிலும் கம்பிகளிலிருந்து எழும் இரைச்சலுக்குக் காரணம் கம்பியின் மேற்பரப்பை ஒட்டிய காற்று அயனியாவதாகும். நீர்த்துளிகள் ஒட்டிக்கொண்டிருக்கும்போது இது மிகும். 50 ஏர்ட்சு மின்சாரத்தில் அதன் இருமடங்கான 100 ஏர்ட்சு அளவில் ஒரு முரலொலியும் கலந்திருக்கும். புதிதாகக் குடிவந்தோரை அச்சுறுத்தும் இந்த ஓசை கம்பி அறுந்து விழப்போவதன் அறிகுறி அன்று.

மின்புலமும் காந்தப்புலமும்

தடத்தின் அருகில் இரு வேறு புலங்கள் உள்ளன. மின்புலம் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. கம்பியில் மின்னோட்டம் இல்லாவிட்டாலும் அழுத்தம் இருந்தால் இப்புலம் இருக்கும். காந்தப்புலம் மின்னோட்டத்தைப் பொறுத்தது. எனவே அது மாலை நேரத்தில் கூடி நள்ளிரவில் குறையக்கூடும். சுவர், கூரை, மரம் ஆகியவை மின்புலத்தைப் பெருமளவு தடுத்துவிடுகின்றன. காந்தப்புலத்தை அவை தடுப்பதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் எழுதப்படும் செய்திகளே குழப்பங்கள் பலவற்றுக்கும் மூலம்.

உலக நலவாழ்வு அமைப்பின் விளக்கத்தின்படி, தடத்தின் நேர்க்கீழே காந்தப்புலம் 20 மைக்ரோடெசுலா வரையிலும், மின்புலம் மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட்டு வரையிலும் இருக்கலாம். மூன்று தறுவாய்க் கம்பிகளின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்வதால், விலகிச் செல்லச் செல்ல அது விரைவாகக் குறைகிறது. 50 முதல் 100 மீட்டர் தொலைவில் அது பொதுவாகத் தடமில்லாத இடங்களில் காணப்படும் அளவுக்கு இறங்கிவிடும். தலைமயிர் உலர்த்தியின் மிக அருகில் இதைவிடப் பன்மடங்கு வலிய புலம் உண்டு. ஆயினும் அதைச் சில நிமிடங்களே பயன்படுத்துகிறோம்; வீட்டருகேயுள்ள தடமோ இரவும் பகலும் இருப்பது. எனவே அவ்வொப்பீட்டை மட்டும் கூறி அச்சத்தைத் தள்ளிவிடுவது முறையாகாது.

பன்னாட்டு அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 50 ஏர்ட்சுக்குப் பொதுமக்களுக்கான வழிகாட்டு அளவை 1998இல் 100 மைக்ரோடெசுலா எனவும், 2010இல் 200 மைக்ரோடெசுலா எனவும் வகுத்தது. மின்புலத்துக்கு இது மீட்டருக்கு 5 கிலோவோல்ட்டு ஆகும். நரம்புகளையும் தசைகளையும் தூண்டுவது போன்ற உடனடி விளைவுகளைத் தவிர்க்கவே இந்த அளவுகள் வகுக்கப்பட்டன. ஆண்டுக்கணக்கில் அருகில் வாழ்வதைப் பற்றிய கேள்விக்கு இவை விடையல்ல.

ஒளிரும் குழல்விளக்குகள்

இணைப்பு ஏதுமில்லாத குழல்விளக்கைத் தடத்தின் கீழே கையில் பிடித்து நின்றால் அது ஒளிர்வதுண்டு. 2004ஆம் ஆண்டில் பிரித்தானியக் கலைஞர் ரிச்சர்ட் பாக்சு, பிரிசுட்டல் நகருக்கு அருகிலுள்ள டார்மார்ட்டன் என்னும் இடத்தில், தடத்தின் கீழே 1301 குழல்விளக்குகளை நிலத்தில் நட்டு வைத்தார். அவர் அப்போது பிரிசுட்டல் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் உறைவிடக் கலைஞராக இருந்தார். இருட்டியபின் விளக்குகள் அனைத்தும் தாமாகவே ஒளிர்ந்தன. அதன் ஒளிப்படங்கள் உலகெங்கும் பரவின. தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியிலும் உயர்மின் கோபுரங்களை எதிர்த்த விவசாயிகள் இதே செயலைச் செய்து காட்டியுள்ளனர்.

இதன் காரணம் எளிது. மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட்டு என்னும் மின்புலத்தில் குழல் செங்குத்தாக நிற்கும்போது, அதன் இரு முனைகளுக்கும் இடையே அதே அளவிலான அழுத்த வேறுபாடு உண்டாகிறது. குழலினுள் குறைந்த அழுத்தத்திலுள்ள வளிமம் அயனியாகி, மிகச் சிறிய மின்னோட்டம் பாய, உட்பூச்சு ஒளிர்கிறது. மனித உடல் மின்கடத்தி என்பதால் குழலை நடுவில் பிடித்தால் கைக்குக் கீழுள்ள பகுதி மங்கிவிடும். ஒளி மிக மெல்லியது, பகலில் தெரியாது. படக்கருவியின் மூடியைச் சில நொடிகள் திறந்து வைத்து எடுப்பதால் படத்தில் அது கண்ணுக்குத் தெரிவதைவிடப் பளிச்சென அமைகிறது.

இப்படங்கள் பொய்யல்ல. தடத்தின் கீழே மின்புலம் உள்ளது என்பதை அவை ஐயமின்றிக் காட்டுகின்றன. ஆனால் நோய் குறித்த ஆய்வுகளின் மையப்பொருள் காந்தப்புலம் ஆகும். அதைக் குழல்விளக்கு காட்டாது. அதே விளக்கை அருகிலுள்ள வீட்டினுள் கொண்டு சென்றால் ஒளிராது. காந்தப்புலமோ அங்கும் இருக்கும். அதாவது விளக்கு ஒளிர்வதால் தீங்கு நிறுவப்படுவதுமில்லை, ஒளிராததால் தீங்கின்மை நிறுவப்படுவதுமில்லை.

உடல்நலம் குறித்த ஆய்வுகள்

1979இல் நான்சி வெர்தைமர், எட் லீப்பர் ஆகிய இருவரும் அமெரிக்காவின் டென்வர் பகுதியில் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகளை ஆராய்ந்தனர். மிகுந்த மின்னோட்டம் செல்லும் கம்பிகளுக்கு அருகில் அவ்வீடுகள் கூடுதலாக இருந்ததாக அவர்கள் வெளியிட்டனர். அவர்கள் புலத்தை அளக்கவில்லை. வெளியே செல்லும் கம்பிகளின் வகையையும் தொலைவையும் கொண்டே மதிப்பிட்டனர். அக்கம்பிகளுள் பெரும்பாலானவை தெருவில் செல்லும் பகிர்மானக் கம்பிகளே அன்றிப் பெருங்கோபுரத் தடங்கள் அல்ல. இச்செய்தி பின்னாளைய விவாதங்களில் மறக்கப்பட்டுவிட்டது. 1989இல் பால் புரோடர் ஓர் அமெரிக்க இதழில் எழுதிய தொடர் கட்டுரைகள் அச்சத்தைப் பரவலாக்கின.

1993இல் சுவீடனில் மரியா ஃபைக்டிங், ஆண்டர்சு ஆல்பம் ஆகியோர் 220, 400 கிலோவோல்ட்டுத் தடங்களிலிருந்து 300 மீட்டருக்குள் வாழ்ந்தோரை ஆராய்ந்து, குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயுடன் தொடர்பு காணப்படுவதாக அறிவித்தனர். நோயுற்றோர் எண்ணிக்கை சிறியதாகவே இருந்தது. 1997இல் வெளியான அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வில் உறுதியான தொடர்பு தென்படவில்லை. 2000ஆம் ஆண்டில் ஆல்பம் குழுவினர் ஒன்பது ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டிக் கணித்தபோது, சராசரிப் புலம் 0.4 மைக்ரோடெசுலாவுக்கு மேற்பட்ட வீடுகளில் வாழ்ந்த குழந்தைகளிடம் இந்நோய் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. அத்தகைய வீடுகளில் இருந்தோர் மொத்தக் குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவே. அந்த அளவுக்குக் கீழே வேறுபாடு தெரியவில்லை.

இதன் அடிப்படையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் வெளியிட்ட நூலில், மிகக் குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தை "புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்னும் 2-ஆ பிரிவில் சேர்த்தது. காரணம் உறுதியாகாத, ஆனால் ஒதுக்கிவிடவும் இயலாதவற்றுக்கான பிரிவு அது. ஆசியாவின் மரபுவழிக் காய்கறி ஊறுகாயும் அதே பிரிவில் உள்ளது. விலங்கு ஆய்வுகள் இத்தொடர்பை ஆதரிக்கவில்லை. இவ்வளவு நலிந்த புலம் உயிரணுவைப் பாதிக்கும் வழிமுறையும் கண்டறியப்படவில்லை.

2005இல் ஜெரால்டு டிராப்பர் குழுவினர் இங்கிலாந்து, வேல்சு பகுதிகளில் புற்றுநோயுற்ற 29,081 குழந்தைகளின் பிறப்பிட முகவரிகளை ஆராய்ந்தனர். தடத்திலிருந்து 200 மீட்டருக்குள் பிறந்தோரிடம் இரத்தப் புற்றுநோய் 1.69 மடங்கும், 200 முதல் 600 மீட்டருக்குள் 1.23 மடங்கும் இருந்தது. 600 மீட்டர் தொலைவில் தடத்தின் காந்தப்புலம் பொருட்படுத்தத் தக்கதன்று என்பதால், வேறு காரணம் இருக்கக்கூடும் என்று ஆய்வாளர்களே கருதினர். 2014இல் பஞ்ச் குழுவினர் 1962 முதல் 2008 வரையிலான தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இத்தொடர்பு 1960களில் மிக்கிருந்து பின்னர்ப் படிப்படியாகக் குறைந்து மறைந்தது தெரியவந்தது. தடங்கள் மறையவில்லை, மின்னோட்டமும் குறையவில்லை. எனவே தடங்களருகே வாழ்ந்த மக்கள்தொகையின் இயல்பில் ஏற்பட்ட மாற்றம் போன்ற ஏதோவொன்று இதற்குக் காரணமாகலாம் என அவர்கள் கருதினர்.

உலக நலவாழ்வு அமைப்பு 2007இல் வெளியிட்ட மதிப்பீட்டில், காரணத் தொடர்பு உண்மையென்றே கொண்டாலும் உலகளவில் ஆண்டுக்கு 100 முதல் 2400 வரையிலான குழந்தைகளின் நோய்க்கு அது பொறுப்பாகலாம் எனக் கணித்தது. சான்று வலுவற்றதாயினும் சிறு செலவில் புலத்தைக் குறைக்கும் வழிகளைக் கையாள்வது தகும் என்றும் கூறியது. நெதர்லாந்து 2005 முதல், ஆண்டுச் சராசரி 0.4 மைக்ரோடெசுலாவைக் கடக்கும் பகுதிகளில் குழந்தைகள் நெடுநேரம் தங்கும் புதிய கட்டடங்களைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது.

இடைவெளியும் விபத்தும்

புலங்களைப் பற்றிய ஐயம் ஒருபுறமிருக்க, ஐயமே இல்லாத இடர் ஒன்று உண்டு. அது கம்பியை நெருங்குவதாகும். வெறுங்கம்பியைத் தொட வேண்டியதில்லை. போதிய அளவு நெருங்கினாலே காற்றின் வழியே மின்பொறி பாயும். இந்திய மின் பாதுகாப்பு விதிகளின்படி, 33 கிலோவோல்ட்டுக்கு மேற்பட்ட தடங்களுக்கும் கட்டடத்துக்கும் இடையே செங்குத்தாக 3.7 மீட்டரும், கிடையாக 2 மீட்டரும் அடிப்படை இடைவெளி வேண்டும். கூடுதலான ஒவ்வொரு 33 கிலோவோல்ட்டுக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 0.3 மீட்டர் சேர்க்க வேண்டும். இக்கணக்கின்படி 110 கிலோவோல்ட்டுக்கு 4.6, 2.9 மீட்டரும், 230 கிலோவோல்ட்டுக்கு 5.5, 3.8 மீட்டரும், 400 கிலோவோல்ட்டுக்கு 7.3, 5.6 மீட்டரும் ஆகும். கம்பி மிகத் தாழ்ந்து தொய்யும் நிலையில் செங்குத்து இடைவெளியையும், காற்றில் மிக விலகி ஆடும் நிலையில் கிடை இடைவெளியையும் அளக்க வேண்டும். வெயிலிலும் மிகை மின்னோட்டத்திலும் கம்பி நீண்டு தாழும். காலையில் அளந்து மாடி எழுப்பியவர் பிற்பகலில் வேறு இடைவெளியைக் காண்பார். கரும்புத் தோகையைத் தடத்தின் கீழ் எரிப்பதும் ஆபத்தானது. எழும் சூடும் புகையும் காற்றின் காப்பைக் குறைத்துவிடும்.

நிலமும் இழப்பீடும்

கோபுரம் அமையும் இடம் அரசால் கையகப்படுத்தப்படுவதில்லை. நிலம் உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். பயன்பாடு மட்டும் கட்டுப்படும். தடத்தின் கீழே தென்னை போன்ற உயர்ந்த மரங்களை வளர்க்கவும் வீடு கட்டவும் இயலாது. விவசாயியின் குறை இங்கேதான் தொடங்குகிறது: பட்டா அவர் கையிலிருந்தாலும் அந்நிலத்துக்கு வாங்குவோர் இல்லை. 2015 அக்டோபரில் இந்திய மின்துறை அமைச்சகம், கோபுரம் நிற்கும் பரப்புக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், தடத்தின் கீழுள்ள நிலப்பட்டைக்கு 15 சதவீதம் வரையிலும் இழப்பீடு வழங்க வழிகாட்டியது. 2024 சூனில் இது கோபுரப் பரப்புக்கு 200 சதவீதம், ஊரகப் பகுதியில் நிலப்பட்டைக்கு 30 சதவீதம் என உயர்த்தப்பட்டது. இவை மாநிலங்களுக்கான வழிகாட்டல்களே.

சத்தீசுகரின் ராய்கரிலிருந்து புகளூர் வரையிலான 800 கிலோவோல்ட்டு நேர்மின்னோட்டத் தடம் உள்ளிட்ட திட்டங்களை எதிர்த்துக் கொங்கு விவசாயிகள் போராடியபோது, கம்பிகளைச் சாலையோரமாக நிலத்தடியில் புதைக்குமாறு கோரினர். புகளூரிலிருந்து திருச்சூர் செல்லும் 320 கிலோவோல்ட்டு நேர்மின்னோட்டத் தடம் 2021இல் தொடங்கப்பட்டது. கேரளத்தில் அதன் ஒரு பகுதி நிலத்தடி வடமாகவே அமைந்தது. புதைவடம் மேல்நிலைத் தடத்தைவிடப் பன்மடங்கு செலவு மிக்கது. மாறுமின்னோட்டமாயின் வடத்தின் மின்தேக்கம் தொலைவைக் கட்டுப்படுத்தும்; நேர்மின்னோட்டத்துக்கு அத்தடை இல்லை. நேர்மின்னோட்டத் தடத்தின் புலங்கள் மாறாப் புலங்கள் என்பதால், மேற்கூறிய 50, 60 ஏர்ட்சு ஆய்வு முடிவுகளை அவற்றுக்குப் பொருத்த முடியாது.

ஒளிப்படம் எடுத்தல்

வீட்டுக்கு மிக அருகில் தடம் செல்கிறது என்று காட்டுவதற்கு எடுக்கப்படும் படங்களில் தொலைவில்லை பயன்படுத்தினால், முன்னும் பின்னுமுள்ள பொருள்கள் நெருங்கித் தோன்றும். ஐம்பது மீட்டர் அப்பாலுள்ள கம்பி கூரைமேல் கிடப்பதுபோல் அமையும். முறையீட்டுக்கான படமாயின், தடத்தின் திசைக்கு நேராக நின்று, வீட்டையும் கம்பியையும் பக்கவாட்டில் பிரித்துக் காட்டும்படி எடுப்பதே பயன் தரும். எடுத்த நேரத்தைக் குறிப்பதும், கோபுரத்திலுள்ள எண் பலகையைத் தனியே படமெடுப்பதும் தடத்தை அடையாளம் காண உதவும்.

கம்பியைச் சுற்றிய அயனியாக்கம் வெறுங்கண்ணுக்கு அரிதாகவே தெரியும். அதைப் புறவூதாப் படக்கருவி பகலிலும் பதிவு செய்யும். தளர்ந்து சூடேறிய இணைப்புகளை அகச்சிவப்புப் படக்கருவி காட்டும். மின்வாரியங்கள் இவ்விரண்டையும் தடப் பராமரிப்பில் பயன்படுத்துகின்றன.

மாடியில் நின்று எடுப்போர் உலோகத் தாங்கியையோ தற்பட நீள்கோலையோ கம்பியை நோக்கி உயர்த்தலாகாது. கோபுரத்தில் ஏறுவது குற்றமும் உயிரிடரும் ஆகும். அறுந்து விழுந்த கம்பியைப் படமெடுக்க நெருங்குவதும் அவ்வாறே; கம்பி தொடும் இடத்தைச் சுற்றி நிலத்திலேயே அழுத்த வேறுபாடு பரவியிருப்பதால், அகல அடியெடுத்து வைப்பவரின் இரு கால்களுக்கிடையே மின்சாரம் பாயக்கூடும். அத்தகைய இடத்துக்கு அருகில் இருப்பவர் கால்களை ஒட்டி வைத்துச் சிற்றடிகளாக விலகிச் சென்று, மின்வாரியத்துக்கு அறிவிக்க வேண்டும்.